பெயின்ட் அடிக்கக் கொடுத்த படை உப்பு பூத்து வந்தது: வடசென்னை மினியேச்சர் ஆட்கள் கவனத்துக்கு

கமிஷன் பெயின்டிங், அதாவது கூலிக்குப் பெயின்ட் அடித்துத் தருவது என்று ஆர்டர் எடுக்கும் ஒருவரிடம், மேசையில் போர் விளையாட்டு ஆடும் எங்கள் குழு சின்ன வீரர் உருவங்கள் கொண்ட ஒரு முழுப் படையைக் கொடுத்து ஏமாந்தது. ஓர் ஆள் 28 மி.மீ. உயரம் என்ற அளவில் 42 காலாட்படை உருவங்கள், 2 பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள். உருவத்துக்கு 400 ரூபாய், டாங்கிக்கு 2,500, மொத்தம் 21,800. புகார் போயிருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. ஆனால் எந்தெந்த வேலையில் எப்படிக் கை வைத்தார்கள் என்பதை விடாமல் எழுதுகிறோம். டெலிவரி அன்று பெட்டியைத் திறந்தபோது இதில் பாதி கண்ணில் படவே இல்லை. மீதிப் பணம் கொடுத்து மூன்று வாரம் ஆன பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

பேசிய வேலை இது. 1940 டிசம்பரில் எகிப்தில் சிடி பரானி பக்கம் இத்தாலியப் படையோடு மோதிய 4-வது இந்திய டிவிஷன். டிசம்பர் 9 அன்று நிபெய்வா முகாமுக்குள் அவர்களோடு சேர்ந்து புகுந்த 7-வது ராயல் டாங்க் ரெஜிமென்ட்டின் மட்டில்டா. காலாட்படைக்கு காக்கி ட்ரில் துணி நிறம், அதன் மேல் பள்ளங்களுக்கு ஷேட் (நிழல் நிறம்), பிறகு மேடுகளுக்கு இரண்டு படி ஹைலைட் (வெளிர் நிறம்). பெல்ட்டும் பையும் தனி நிறம். துப்பாக்கியின் மரமும் இரும்பும் தனித்தனி. டாங்கிக்கு கான்டர் கோலம் (பிரிட்டிஷ் பாலைவன உருமறைப்பு), மூன்று நிறம், நேர்கோட்டு விளிம்பு. உருவம் நிற்கும் தட்டான பேஸுக்குப் பாலைவன மணல், அடியில் காந்த டிரேயில் நிற்க இரும்பு வாஷர்.

முதலில் வெளிப்பட்டது மணல். நவம்பர் மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் அடித்ததும் பேஸ் விளிம்புகளில் வெள்ளையாக ஒரு படலம். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் சுவர் அடியில் உப்பு பூக்குமே, அச்சு அசல் அதேதான். ஊசி முனையால் தட்டினால் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மணலுக்குள் கிளிஞ்சல் துணுக்குகள். 28 மி.மீ. வீரனின் காலடியில் அது சாப்பாட்டுத் தட்டு அளவு தெரியும். கடற்கரையில் அள்ளிய மணலைக் கழுவாமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.

இது ஏன் உடனே தெரியவில்லை என்றால், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். மழைக்காலத்தில் கடலோரம் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். கரைந்த உப்பு மணலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே ஊறி நிற்கும். வெயில் வந்து காய்ந்ததும் திரும்பப் படிகமாகும். அப்படிப் படிகமாகும்போது மேலே இருக்கும் பெயின்ட்டை நெம்பித் தள்ளும். ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் இதே வேலை நடக்கும். ஒட்டியது சாதாரண வெள்ளைப் பசை. ஈரம் பட்டால் அதுவும் இளகும். பேஸைத் திருப்பிப் பார்த்தால் வாஷர் முழுக்கத் துரு. சில பேஸ்களில் துருக்கறை மேல் மணல் வரை ஏறி, காக்கி பூட்ஸைச் சுற்றிக் காப்பி நிற வளையம் போட்டிருந்தது.

மணலைச் சோதிப்பது சுலபம். ஒரு டம்ளரில் ஒரு கைப்பிடி மணல், மூழ்கும் அளவு கேன் தண்ணீர், நன்றாகக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். மேல் தண்ணீரில் நாலு சொட்டு எடுத்து எவர்சில்வர் தட்டில் காயவிடுங்கள். வெள்ளை வளையம் நின்றால் உப்பு இருக்கிறது. வளையம் மறையும்வரை தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும், ஐந்தாறு தடவையாவது ஆகும். ஒன்றைக் கவனியுங்கள்: திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கழுவின மாதிரியே ஆகாது. எங்கள் கருத்து, கடல் மணல் பக்கமே போக வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு கிண்ணம் எம்-சாண்ட் கேட்டு வாங்கி, தூசி போகக் கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்தால் வடிகட்டி வழியே இறங்குவது மணலுக்கு, மேலே நிற்பதில் பத்துப் பொறுக்கினால் கல்லுக்கு. 42 பேஸுக்கு அந்த ஒரு கிண்ணமே மிஞ்சும்.

உப்பைச் சுத்தம் செய்ய பேஸைக் கழற்றியபோதுதான் இரண்டாவது மோசடி தெரிந்தது. இது கவனக்குறைவு இல்லை, திருட்டு. கொடுத்த 42-இல் 6 அதிகாரி உருவங்கள் வெள்ளை உலோகம், மற்றவை பிளாஸ்டிக். திரும்பி வந்த ஆறும் ரெசின் (எடை குறைந்த பிசின்) வார்ப்பு. அசல் உருவத்தை அச்சு எடுத்து, நகலைப் பெயின்ட் செய்து கொடுத்துவிட்டு, அசலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் எடுத்தபோது ஏன் தெரியவில்லை? மற்ற பேஸ்களில் ஒரு வாஷர், இந்த ஆறில் மட்டும் இரண்டு. எடை குறைவது உடனே உறைக்காமல் இருக்கச் செய்த வேலை. அதே செட்டில் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு அதிகாரி பேஸ் இல்லாமல் 16 கிராம். திரும்பி வந்தது 2.5 கிராம். பிறகு உற்றுப் பார்த்தால் மற்ற அடையாளங்களும் இருந்தன: தலைப்பாகை மடிப்புக்கு அடியில் காற்றுக்குமிழிப் பள்ளங்கள், துப்பாக்கி வார் மொழுக்கென்று கரைந்த மாதிரி, கத்தி முனையால் அடியில் கீறினால் உலோகப் பளபளப்பு வரவில்லை.

கொடுக்கும் முன்பு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒவ்வொரு உலோக உருவத்தையும் நிறுத்து எழுதி வையுங்கள். காலடிப் பட்டையின் அடியில் ஊசியால் ஒரு குறி கீறுங்கள். எண்ணிக்கையோடு எடையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பேஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு படம் கேளுங்கள். தயங்குகிற ஆளிடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ப்ரைமர், பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. பிளாஸ்டிக் உருவங்கள் பாலிஸ்டைரீன். அதற்கு ஸ்ப்ரே ப்ரைமர் என்றால் 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, இடைவெளி விட்டு இரண்டு மூன்று மெல்லிய ஓட்டம். இவர்கள் கார் டிங்கரிங் கடைகளில் பயன்படும் பெயின்ட்டை என்.சி. தின்னர் தாராளமாகக் கலந்து அடித்திருக்கிறார்கள். அந்தத் தின்னர் பாலிஸ்டைரீனையே கரைக்கும். ஒரு ப்ரென் இயந்திரத் துப்பாக்கிக்காரனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தோம். துப்பாக்கிக் குழல் சூடு பட்ட மெழுகுவத்தி போலக் கீழே வளைந்திருந்தது. சட்டைப் பை மூடியின் விளிம்பு கரைந்து சட்டையோடு கலந்துவிட்டது. கன்னத்தில் சுருக்கம். நெற்றியிலிருந்து தலைப்பாகை உச்சி வரை மோல்ட் லைன் (அச்சின் இரு பாதி சேரும் கோடு) கூடச் சுரண்டவில்லை. கத்தியின் முதுகால் ஓர் உருவத்துக்கு ஐந்து நிமிட வேலை அது. இந்த அளவில் முகமே நாலு மி.மீ. அகலம்தான். அதில் கரைந்த விளிம்பை எந்தப் பெயின்ட்டும் திருப்பிக் கொண்டுவராது.

பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்துக் காலடியில் ஐந்து நிமிடம் வைத்துத் தேய்த்தால் சாதாரண ஹாபி அக்ரிலிக் இளகிக் கையோடு வரும். இவர்கள் அடித்தது அசையவில்லை. ஆகவே பெயின்ட்டை எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம் என்ற வழியும் பிளாஸ்டிக் உருவங்களுக்கு அடைபட்டுப் போனது. உலோக உருவமாக இருந்தால் அசிட்டோனில் போட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக்கை அதில் போட்டால் கூழாகிவிடும்.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே காக்கி ஸ்ப்ரே, மேலே முழுவதும் ஒரு பழுப்பு வாஷ் (பள்ளத்தில் தங்கும் நீர்த்த பெயின்ட்), அதற்கு மேல் வெள்ளை ட்ரைபிரஷ் (காய்ந்த தூரிகையால் மேடுகளில் உரசுவது). இரண்டு படி ஹைலைட் என்று பேசியது வெள்ளைத் தூசியாக வந்தது. வாஷ் தேங்கிய இடத்தைத் தூரிகையால் உறிஞ்சி எடுக்காததால் முதுகுப் பட்டையில் டீக்கறை போல வட்டங்கள். மாதிரிக்கு முன்பு அனுப்பிய படங்களில் இருந்த கை வேறு யாருடையதோ. படத்தைத் தேடு பொறியில் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நம்பி விட்டது எங்கள் தப்பு. இனி மாதிரி கேட்டால், அன்றைய நாளிதழ் பக்கத்தில் வைத்து, உருவத்தை முழுச் சுற்றும் திருப்பி, பேஸின் அடியும் தெரிகிற வீடியோவாகக் கேளுங்கள்.

டாங்கி விஷயத்தில்தான் எங்களுக்கு மனம் ஆறவில்லை. மட்டில்டா 1:56 அளவில் (அசலில் 56-இல் ஒரு பங்கு) 10 செ.மீ. நீளம், மேசையில் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். கான்டர் கோலத்துக்கு 61-ஆம் எண் லைட் ஸ்டோன், 28-ஆம் எண் சில்வர் க்ரே, 34-ஆம் எண் ஸ்லேட் என்று எழுதியே கொடுத்திருந்தோம். வந்தது வானநீலம். அந்த இரண்டாம் நிறம் நீலம் என்பது மாடல் உலகில் ரொம்ப நாள் புழங்கிய தப்பு. உண்மையில் அது பச்சைச் சாயல் கொண்ட சாம்பல். எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து அடித்திருக்கிறார்கள்.

வெதரிங், அதாவது அடிபட்டுப் பழகிய தோற்றம் கொடுக்கும் வேலை, அதைவிட மோசம். பாலைவனக் காற்று வறண்டது. அங்கே டாங்கியில் ஆரஞ்சு நிறத் துரு ஒழுகாது. தேய்ந்த விளிம்பில் அடியில் இருக்கும் பழைய பெயின்ட் எட்டிப் பார்க்கும், கால் படும் இடத்தில் வெற்று இரும்பு மினுங்கும், கீழ்ப் பாதியில் வெளிர் தூசி படியும். செயின் தரையில் உரசும் இடத்தில் மங்கிய வெள்ளிப் பளபளப்பு, மற்ற இடத்தில் மங்கிய பழுப்பு. இவர்கள் மேலே பீரங்கி இருக்கும் டரட்டிலிருந்து செயின் வரை ஆரஞ்சுக் கோடு இழுத்து, காசிமேட்டில் கரையேற்றிப் போட்ட பழைய படகு மாதிரி ஆக்கிவிட்டார்கள். தூசிக்குப் போட்டது பிக்மென்ட் எனும் நைஸான நிறப்பொடி இல்லை, கலர் கோலப்பொடி. துகள் பெரிசு, 1:56-இல் ஜல்லி கொட்டின மாதிரி நிற்கிறது. எதையும் வைத்து நிறுத்தவும் இல்லை. விரல் பட்டால் விரலோடு வருகிறது, வார்னிஷ் பட்ட இடத்தில் சாயம் கசிந்திருக்கிறது. காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் சாஃப்ட் பேஸ்டல் குச்சியை உப்புக் காகிதத்தில் தேய்த்துப் பொடியாக்கியிருக்கலாம். தூரிகையால் வைத்து, மினரல் டர்பன்டைன் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டால் நிற்கும். ஆனால் அதற்கு முன் பெயின்ட்டை வார்னிஷ் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டிருக்க வேண்டும். எனாமல் வாஷுக்கும் அதே விதிதான்.

பளபளப்பில்லாத மேட் வார்னிஷை மழை நாளில் அடித்ததால் மேலே வெள்ளைப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் உட்கார்ந்துவிடும், அதனால் வருவது. இதற்கு மட்டும் மருந்து உண்டு: பளபளக்கும் கிளாஸ் வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசினால் பெரும்பாலும் புகை மறையும். காய்ந்த பிறகு வெயில் நாளில் திரும்ப மேட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரே வார்னிஷ் அடிப்போம் என்று சொல்லும் ஆளிடம், எங்கே எப்படி அடிப்பீர்கள் என்று கேளுங்கள்.

பேஸ்களை மீட்ட விதம், வேறு யாருக்காவது உதவும் என்பதால். உருவத்தை ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வைத்தால் சூப்பர் க்ளூ நொறுங்கும் பதத்துக்கு வரும், லேசாகத் திருகினால் பேஸ் கழன்றுவிடும். பேஸை வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பசை உப்பி, பழைய டூத்பிரஷ்ஷுக்கே மணல் வந்துவிடும். துருப்பிடித்த வாஷரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புது மணலை ஃபெவிகால் மரைனில் ஒட்டி, 24 மணி நேரம் கழித்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து மேலே ஒரு தடவை ஊறவிட்டு, அது முழுக்கக் காய்ந்த பிறகு பெயின்ட்.

பணத்தைப் பொறுத்தவரை, 60 சதவீதம் முன்பணமும் மீதியை டெலிவரி அன்றும் கொடுத்தோம். அது தப்பு. முன்பணம் பொருள் செலவுக்கு மட்டும், ப்ரைமர் படம் பார்த்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கை டெலிவரி முடிந்து நான்கு வாரம் கழித்து என்று எழுதிக்கொள்ளுங்கள். யு.பி.ஐ.-யில் மட்டும் கொடுங்கள், குறிப்பில் வேலையின் பெயரை எழுதுங்கள். நாங்கள் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்கு அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எடைப் பட்டியல் கையில் இருந்திருந்தால் ஆறு உலோக உருவங்களை நிரூபிப்பது இவ்வளவு இழுத்திருக்காது. இப்போது நாங்கள் வைத்திருந்த அந்த ஒரே ஒரு அதிகாரிதான் சாட்சி.

கடந்த செப்டம்பரிலிருந்து பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி பக்கம் யாரிடமாவது பேஸோடு சேர்த்துப் பெயின்ட் செய்து வாங்கியிருந்தால், இன்றைக்கே ஒரு உருவத்தைத் திருப்பி வாஷரைப் பாருங்கள். ஓரத்தில் காப்பி நிறம் தெரிந்தாலோ, ஒன்றுக்கு இரண்டாக வாஷர் இருந்தாலோ, பேஸைக் கழற்றி நிறுத்துப் பார்த்துவிட்டு, எதையும் கழுவுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.