ஒரே ஆபீஸ் மென்பொருள், கம்ப்யூட்டருக்கு ஒரு செட்டிங்: எங்கள் அலுவலக அனுபவம்

ஈரோட்டில் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்கு வேலையோடு கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. எல்லா மேஜையிலும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்தான். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு காலத்தில் வாங்கியது. ஒரு மேஜையில் ஒரே பக்கத்தில் அடங்கும் கடிதம், அடுத்த மேஜையில் கையெழுத்து இடத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடும். பல வருடம் இதோடு மல்லுக்கட்டியதில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஃபைலைத் திருத்திக்கொண்டே இருந்தால் தொல்லை தீராது. அந்த செட்டிங் எங்கே இருக்கிறதோ, அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது எக்செல் தேதிதான். பேங்க் ஸ்டேட்மென்ட் சிஎஸ்வி ஃபைலாக, அதாவது கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக வரும். டபுள் கிளிக் செய்து திறந்த ஜூனியர் பையன் கேட்டான்: "அண்ணா, பாதித் தேதி மட்டும் ஏனுங்க இடப்பக்கம் ஒட்டி நிக்குது?" நல்ல கண் அவனுக்கு. அது புதுக் கம்ப்யூட்டர். தேதியையும் எண்ணையும் எந்த நாட்டு முறையில் எடுத்துக்கொள்வது என்று சொல்லும் விண்டோஸ் ரீஜன் செட்டிங் 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' என்று இருந்தது. அங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 13/04/2024 என்று வந்தால், பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அதனால் எக்செல் அதை வெறும் எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிடும். 05/04/2024 வந்தால் மே 4 என்று எடுத்துக்கொண்டு ஒழுங்காக வலப்பக்கம் நிறுத்தும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. பார்க்கச் சரியாக இருக்கும், ஏப்ரல் மாதச் செலவு மே கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

ரீஜனைப் பிறகு மாற்றினாலும் இது சரியாகாது. மே 4 மே 4 ஆகவே இருக்கும். சேமிக்காமல் மூடிவிட்டு, கன்ட்ரோல் பேனலில் ரீஜனை 'இங்கிலீஷ் (இந்தியா)' ஆக்கி, சிஎஸ்வியை மறுபடி திறப்பதுதான் வழி. கூடவே ஒரு நன்மை: கமா போட்ட தொகை 1,234,567 என்பது போய் 12,34,567 என்று நம் லட்சக் கணக்கில் வரும். ரீஜனைத் தொடாமலே 'டேட்டா' மெனு வழியாக இறக்குமதி செய்து, நாள்-மாதம்-வருடம் என்று வரிசையைச் சொல்லவும் முடியும். அப்புறம், செல் ஃபார்மட் பெட்டியில் சில தேதி வகைகளுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். அவையெல்லாம் கம்ப்யூட்டரின் ரீஜனுக்கு ஏற்ப முகம் மாற்றுபவை. பலரும் பார்க்கும் ஃபைலில் அவற்றை நான் தொடுவதே இல்லை.

வேர்டுக்கு வருவோம். புது ஃபைலின் எழுத்துரு, வரி இடைவெளி, தாள் அளவு எல்லாம் நார்மல் டெம்ப்ளேட் என்ற ஒரு ஃபைலிலிருந்து வருகின்றன. அது விண்டோஸ் பயனர் ஒவ்வொருவருக்கும் தனி. எல்லாரும் ஒரே ஆபீஸ் கணக்கில் நுழைந்தாலும் அது கூட வராது. பதிப்பும் ஒரு காரணம்: 2003 வரை டைம்ஸ் நியூ ரோமன், 2007 முதல் காலிப்ரி, இப்போதைய பதிப்பில் ஆப்டோஸ். தாள் சில கம்ப்யூட்டரில் லெட்டராக இருக்கும். அது ஏ4-ஐ விட உயரத்தில் சுமார் 18 மில்லிமீட்டர் குறைவு. கையெழுத்து அடுத்த பக்கத்துக்குப் போக அது போதும்.

எழுத்துரு பெட்டி, பத்தி பெட்டி, பேஜ் செட்டப் மூன்றிலும் 'செட் ஆஸ் டிஃபால்ட்' பொத்தான் உண்டு. அதை அழுத்தும்போது 'இந்த ஃபைலுக்கு மட்டும்' என்பதா, நார்மல் டெம்ப்ளேட்டில் உருவாகும் எல்லாவற்றுக்குமா என்று கேட்டால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் இப்படிச் சரிசெய்து, வேர்டை மூடிவிட்டு, அந்த டெம்ப்ளேட்டை மற்றவற்றுக்கு நகலெடுத்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே இருக்கும் டெம்ப்ளேட்டில் யாராவது மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வைத்திருந்தால் அது போய்விடும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் தமிழ்க் கடிதங்கள் மட்டும் அடங்கவில்லை. காரணம், அவற்றில் உள்ள லதா என்ற தமிழ் எழுத்துரு. விண்டோஸ் 10 முதல் அது தானாக வருவதில்லை. 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற விருப்ப வசதியாகச் சேர்க்க வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டரில் வேறு எழுத்துரு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், வரி உயரமும் மாறிவிடும். இன்னொன்று, வேர்டில் தமிழுக்கான எழுத்துரு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனிக் கட்டத்தில் இருக்கிறது. மேலே உள்ள ஆங்கிலக் கட்டத்தை எத்தனை முறை மாற்றினாலும் தமிழ் எழுத்து அசையாது.

எங்கள் அலுவலகத்தில் இப்போது தொல்லை இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் நாம் கை வைக்க முடியாதே. அதனால் கடிதம் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறோம். எக்செலாகவே கேட்டால், தேதியில் மாதம் எண்ணாக இல்லாமல் பெயராக வரும் வகையை வைத்து அனுப்புகிறோம்.