ஜூரியில் ஆறு பேரா, பன்னிரண்டு பேரா?

சிக்கனம் பார்க்கும் நீதிமன்றத்துக்கு, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியைச் சுருக்குவது எளிய வழியாகத் தோன்றும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970-ல் ஆறு பேர் போதும் என்றது. 1978-ல் ஐந்து பேர் போதாது என்றது.

ஆறு பேர் என்றால் தேர்வு சீக்கிரம் முடியும், படிச் செலவும் குறையும். சரி, தீர்ப்பு?

மக்களில் பத்தில் ஒருவர் ஒரு சிறுபான்மைப் பிரிவு என்று வையுங்கள். குலுக்கலில் ஆறு பேரை எடுத்தால், அந்தப் பிரிவினர் ஒருவர்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 53 சதவீதம். பன்னிரண்டு பேர் என்றால் 28 சதவீதம்தான். மாற்றுக் கருத்துக்காரர் தனியாக நிற்பதும் துணையோடு நிற்பதும் ஒன்றா என்ன? தனி ஆள் மசிவது எளிது.

தாமதம் என்று பார்த்தால் ஆறு பேர் ஜூரிக்குக் கொஞ்சம் சாதகம். வழக்கு இழுத்தால் சாட்சிகளின் நினைவு மங்கும். நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு என்பதால், இது குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவவும் செய்யலாம். ஆனால் அவர் சிறையில் காத்திருந்தால், ஜூரி முகத்தைப் பார்க்கும் முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்குப் பேரம் முடிக்கத் தோன்றும். அப்புறம், நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் போதாமல் வரும் தாமதத்துக்கு ஜூரியைப் பாதியாக்குவது மருந்தல்ல.

சின்ன சிவில் வழக்குக்கு ஆறு பேர் இருக்கட்டும். சிறைத்தண்டனை வரக்கூடிய வழக்கில் என் ஓட்டு பன்னிரண்டுக்கே.