டீன் கிளப்புக்குப் பெரியவர், பாருக்குச் சின்னவர்: குடும்பக் குரூஸில் செட்டு சேர எந்த வழி தேவலை?

என் தம்பிக்கு அப்போது 15 வயது. கப்பல் கிளம்பிய முதல் ராத்திரியே அவனுக்கு ஒரு பட்டாளம் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை பஃபேயில் தட்டோடு நிற்கிறான், நாலு பக்கத்திலிருந்தும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு 19. அத்தையும் அம்மாவும் சூட்கேஸில் எதை மறந்தார்கள் என்ற விசாரணையில் நான் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன்.

என் கூச்சத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கப்பலின் ஏற்பாடே அப்படி. பெரிய குரூஸ் நிறுவனங்கள் பதின்வயதினருக்கென்று தனிக் கிளப் வைத்திருக்கின்றன: கார்னிவலில் 15 முதல் 17 வயது வரை ஒரு கிளப். நார்வீஜியனில் 13 முதல் 17. டிஸ்னியில் 14 முதல் 17. ராயல் கரீபியனிலும் டீன் பிரிவு 17-ஓடு சரி. 18 ஆகிவிட்டால் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. இன்னொரு பக்கம், அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்களில் மது கொடுக்க பொதுவாக 21 ஆக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பல கப்பல்களில் 18 போதும். ஆக 18, 19, 20 வயதுக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒட்டாமல் நடுவில் நிற்கிறார்கள். 21 தாண்டியவர்களுக்கு பார் திறந்திருக்கும்தான், ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கல்யாண நாள் கொண்டாட வந்தவர்களாக இருப்பார்கள்.

சரி, வழி என்னென்ன இருக்கிறது? நான் முயன்றதையும், கூட வந்தவர்கள் முயன்றதைப் பார்த்ததையும் வைத்து எடை போடுகிறேன்.

முதலில் எல்லோரும் சொல்வது, கப்பலே ஏற்பாடு செய்யும் அறிமுகக் கூட்டம். தினசரி நிகழ்ச்சி நிரலில் "18–20 சந்திப்பு" என்று ஒற்றை வரியாக இருக்கும். டிஸ்னியில் இந்த வயதுக்கென்றே '1820 சொசைட்டி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் போனது வேறொரு கப்பலில். இரவு பத்து மணி என்று போட்டிருந்தது, கெத்தாக இருக்கட்டும் என்று பத்தே காலுக்குப் போனேன். லவுஞ்சின் மூலையில் ஐந்து பேர், ஐந்து பேரும் போனைப் பார்த்தபடி. நடத்த வேண்டிய ஊழியர் எங்களை வட்டமாக உட்காரவைத்து, பெயர், ஊர், பிடித்த விலங்கு என்று கேட்டுவிட்டு, "என்ஜாய் பண்ணுங்கள்" என்று கிளம்பிவிட்டார். பத்தரைக்கு நானும் ஒரு ஆமைப் பிரியரும்தான் மிச்சம். அவரும் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

இதை மட்டும் வைத்து இந்த வழியே வீண் என்று சொல்லமாட்டேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: முதல் ராத்திரி, சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். வருகிறவர்கள் எல்லோருமே தயங்கித் தயங்கித்தான் வருவார்கள், ஆள் இல்லை என்று தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். நான் போவதற்குள் எத்தனை பேர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்களோ, யார் கண்டது. தவிர, இரண்டாவது மூன்றாவது நாள் சந்திப்பு பெரும்பாலும் பிசுபிசுத்துப்போகும். அதற்குள் செட்டு சேர்ந்தவர்கள் சேர்ந்திருப்பார்கள்.

இதற்கு நேரெதிர் போட்டி நைட் கிளப். பல கப்பல்களில் 18 ஆனாலே உள்ளே விடுவார்கள், குடிக்கத்தான் முடியாது. பதினொரு மணிக்கு முன்னால் போனால் சிறுவர்களின் மாமாக்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். நள்ளிரவுக்குமேல் வயது குறையும், சத்தம் கூடும். ஆட வேண்டும் என்றால் அருமையான இடம். பேச வேண்டும் என்றால் படு மோசம். காதருகே கத்திச் சொன்ன பெயரை மறுநாள் லிஃப்டில் பார்க்கும்போது ஞாபகப்படுத்த முடியாமல் இருவரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்போம். இதற்கு சைலன்ட் டிஸ்கோ ஒரு படி மேல். எல்லோர் காதிலும் ஹெட்போன், கழற்றினால் பேசலாம். நீங்கள் எந்தச் சேனல் கேட்கிறீர்கள் என்பது ஹெட்போன் விளக்கின் நிறத்தில் தெரிந்துவிடும் என்பதால், ஒரே பாட்டுக்கு ஆடும் அந்நியரோடு பேச்சுத் தொடங்க ஒரு சாக்கு கிடைக்கிறது. கேசினோவைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே எல்லோரும் மெஷினைத்தான் பார்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ஜெயிப்பது மேல்தளத்து விளையாட்டு இடங்கள்தான். அதிலும் டேபிள் டென்னிஸ் மேசை.

காரணம் சொல்கிறேன். ஓடும் கப்பலின் மேல்தளத்தில் காற்று நின்றதே இல்லை. பந்து மேசையில் பட்டதும் காற்று அதை வாங்கிக்கொள்ளும். நேராகப் போக வேண்டியது வளைந்து, தளத்தில் உருண்டு, வெயில் காய்கிறவர்களின் நாற்காலிக்கடியில் புகுந்துவிடும். கூட்டத்துக்கு மறுநாள் காலை நான் தனியாக மட்டையோடு நின்று இப்படி ஒரு பந்தைத் துரத்தினேன். அது போய் நின்றது முந்தைய ராத்திரி பார்த்த ஆமைப் பிரியரின் காலடியில். அவர் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இன்னொரு மட்டை இருக்கா?" என்றார். ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து அடுத்த ஆட்டம் தனக்கு என்றார். அவரோடு அவர் ஒன்றுவிட்ட அக்கா. மதியத்துக்குள் ஆறு பேர். யாரும் யாரையும் பிடித்த விலங்கு கேட்கவில்லை.

விளையாட்டு இடத்தின் பலம் இதுதான்: கைக்கு வேலை இருக்கிறது, வாய்க்கு அவசரமில்லை. பேச ஒன்றுமில்லாவிட்டால் ஆடலாம், ஆடத் தெரியாவிட்டால் சிரிக்கலாம். கூடைப்பந்துக் களம், பந்து கடலுக்குப் போகாமல் சுற்றிலும் வலை கட்டியிருக்கும் அந்தக் கூண்டு, இன்னும் சுறுசுறுப்பானது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள் ராஜ்யம். ராயல் கரீபியன் கப்பல்கள் சிலவற்றில் அலைச்சறுக்கு மேடை உண்டு, 2006-ல் ஃப்ரீடம் ஆஃப் த சீஸ் கப்பலில் முதலில் வந்தது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். வரிசை என்றாலே முன்னாலும் பின்னாலும் ஆள். தலைகீழாக விழுந்து எழுந்து வந்தவருக்கு ஆறுதல் சொல்லித் தொடங்கும் சிநேகிதத்துக்கு வேறு அறிமுகம் தேவையில்லை.

விளையாட்டு ஒத்துவராதவர்களுக்கு வினாடிவினா. இதைப் பலர் பெரியவர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள், தப்பு. கடலிலேயே கழியும் நாள்களில் சில கப்பல்கள் மதிப்பெண்ணைக் கடைசிவரை கூட்டிக்கொண்டே போகும் தொடர் போட்டி வைக்கும். ஓர் அணியில் பொதுவாக ஆறு பேர்வரை. அணி மாறாது, நேரமும் மாறாது. அதனால் யாரும் திட்டமிடாமலே தினமும் அதே முகங்களைப் பார்க்கிறீர்கள். இன்னொரு லாபம்: எழுபது வயதுக்காரர்கள் அணிக்குத் தலைநகரமெல்லாம் தலைகீழாகத் தெரியும், போன வருடத்துப் பாட்டுக் கேள்வி வந்தால் திருதிருவென்று விழிப்பார்கள். தனியாக நிற்கும் இளைஞரைக் கண்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அவர்களோடு ஒரு பேரனோ பேத்தியோ உண்டு, உங்களை மாதிரியே போரடித்து. பரிசு என்னவோ சாவிக்கொத்து அளவில்தான் இருக்கும். அதற்கு நடக்கும் சண்டையைப் பார்த்தால் கப்பலையே எழுதிக்கொடுக்கப்போகிறார்கள் என்று தோன்றும்.

சாப்பாட்டு அறையில் இன்னொரு குடும்பத்தோடு உட்காரும் பகிர்வு மேசை விஷயம் முன்பு வேறு மாதிரி. தினமும் அதே நேரம், அதே மேசை, அதே பரிமாறுநர், கூட இன்னொரு குடும்பம் என்றிருந்தபோது சாப்பாட்டு நேரமே அறிமுக நேரமாக இருந்தது. இப்போது விரும்பிய நேரத்தில் சாப்பிடும் முறை பரவிவிட்டது, உங்கள் குடும்பத்துக்குத் தனி மேசை கிடைத்துவிடும். அப்படியே பகிர்ந்தாலும், அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்ன படிக்கிறான் என்று உங்கள் அம்மா கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை உங்கள் எதிரியாகிவிட்டிருப்பான். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியும் அப்படித்தான். எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டி நிறுத்திய காலம் போய், 2020-க்குப் பிறகு பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடும் இடத்தில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்றாகிவிட்டது. சௌகரியம்தான். ஆனால் கடுகடு முகங்களோடு தோளுரசி நின்று சேர்ந்து முணுமுணுக்கும் ஒரு வாய்ப்பு போயிற்று.

பயணத்துக்கு முன்பே அதே கப்பலில் வருகிறவர்களின் இணையக் குழுவில் சேர்வது இன்னொரு வழி. கூச்ச சுபாவிகளுக்கு இது வரப்பிரசாதம் என்கிறார்கள். எனக்கு அரை மனது. அங்கே எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர், "என் மகளுக்கு 20 வயது, யாராவது இருக்கிறீர்களா?" என்று. மகளுக்கு அந்தப் பதிவு தெரிந்தால் கடலில் குதித்துவிடுவாள். ஆனாலும் ஒன்று: முதல் நாள் மதியம் இன்ன தளத்தில் இன்ன இடத்தில் என்று இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டாலே, அறிமுகக் கூட்டத்தின் ஐந்து நிமிடத் தயக்கம் தீர்ந்துவிடும். கூட்டத்தையும் குழுவையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஜோடியாகப் பயன்படுத்தினால்தான் பலன்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது போகும் கரைச்சுற்றுலாவில் பழகினால் நல்ல பழக்கம்தான், ஒரு படகிலோ வேனிலோ பத்துப் பதினைந்து பேர், நாள் முழுக்க. ஆனால் பெரும்பாலும் முதல் நாளே வராது, அதற்குள் ஓரிரு நாள் வீணாகியிருக்கும். புதுச் சிநேகிதர்களோடு நீங்களாகவே ஊர் சுற்றப் போனால் கடைசி ஏறும் நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கப்பல் தன் சுற்றுலாக்காரர்களுக்காகத் தாமதிக்கலாம், உங்களுக்காகத் தாமதிக்காது.

பழகிவிட்ட பிறகு வரும் தலைவலி, மறுபடி எப்படிப் பிடிப்பது? நடுக்கடலில் ஊர் போன் சிக்னல் எட்டாது, வைஃபைக்குப் பெரும்பாலும் தனிக் காசு. கப்பலின் சொந்த ஆப்பில் அரட்டை வசதி இருந்தால் இணையப் பேக்கேஜ் இல்லாமலே வேலை செய்யும், சில கப்பல்களில் அதற்கும் கட்டணம். எங்கள் ஆறு பேரில் இரண்டு பேருக்கு ஆப் இல்லை. அதனால் பழைய வழி: தினமும் பத்து மணிக்குப் பிங்பாங் மேசை, மாற்றம் இருந்தால் கேபின் கதவில் சீட்டு. கதவுகள் உலோகம், காந்தம் நன்றாக ஒட்டும். கேபின் எண் கொடுப்பது என்பது ஒருநாள் பார்த்தவருக்கெல்லாம் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் மூன்றாம் நாள்தான் கொடுத்துக்கொண்டோம், அதுவும் தம்பியோ தங்கையோ கூடத் தங்கியிருந்தவர்கள் மட்டும். இன்னொன்று, உங்கள் வயதில் சிரித்துப் பேசும் ஊழியர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தச் சிரிப்பு அவர்கள் வேலை. பயணிகளோடு அதற்குமேல் பழகினால் வேலையே போகும், அவர்களை மாட்டிவிடாதீர்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு போட்டி இருக்கிறது, அது டிக்கெட் எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது: எந்தக் கப்பல், எந்த மாதம். மூன்று நாலு நாள் பயணங்களில் இளவட்டம் அதிகம், இரண்டு வாரப் பயணங்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். கல்லூரி விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேர்கிற வாரங்களில் உங்களைப் போல் இழுத்துவரப்பட்டவர்கள் ஏராளம். கப்பலின் அளவில் மட்டும், பெரியதே மேல் என்கிற ஊரோடு நான் ஒத்துப்போகமாட்டேன். 2024-ல் வந்த ஐகான் ஆஃப் த சீஸில் 7,600 பயணிகள்வரை ஏறலாம். உங்கள் வயதில் சில நூறு பேராவது இருப்பார்கள். ஆனால் காலையில் பார்த்த முகத்தை மாலையில் மறுபடி பார்ப்பது குதிரைக்கொம்பு. நான் போனது அதில் பாதிகூட இல்லாத கப்பல். என் வயதுக்காரர்கள் ஐம்பது பேர் இருந்தாலே அதிகம், ஆனால் ஒரே படிக்கட்டு, ஒரே பஃபே, ஒரே மேசை. எப்படியும் கண்ணில் பட்டார்கள். கூச்சமில்லாதவர் பெரிய கப்பலில் கொடிகட்டிப் பறக்கலாம், என்னைப் போன்றவருக்குச் சின்னதே மேல்.

கடைசி ராத்திரி மட்டும் யாரையும் நம்பாதீர்கள். பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கும் அவசரம், அம்மாவின் கணக்கெடுப்பு, விடிந்தால் இறங்குவதற்கான வரிசை. நாளைக்கு நம்பர் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வாங்கியதே இல்லை. நாங்கள் ஆறு பேரும் கடைசி வினாடிவினா முடிந்த கையோடு, விடைத்தாளின் பின்பக்கத்தில் அந்தக் குட்டிப் பென்சிலால் எண்களை எழுதினோம். ஆமைப் பிரியரின் எண்ணில் ஒரு 1 இருந்ததா 7 இருந்ததா என்று எனக்கு இறங்கிய பிறகும் தெரியவில்லை. இரண்டுக்கும் மெசேஜ் போட்டேன். தவறான எண்காரர்தான் முதலில் பதில் அனுப்பினார்.