பாட் மட்டுமா, டிஸ்க்கும் சேர்த்தா? வன்னி றோட்டுக்கு எது சரி?

முன் சில்லில் கீச்சென்று சத்தம் வரத் தொடங்கினால், பெரும்பாலும் பிறேக் பாட் முடியப் போகிறது என்று பொருள். சில்லோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிப்பது இந்தப் பாட். அதில் பொருத்தியிருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசுகிற சத்தம் அது. அதைப் பொருட்படுத்தாமல் ஓடினால் இரும்போடு இரும்பு அரைபட்டு டிஸ்க்கும் போய்விடும். கராஜுக்குப் போனால் நான்கு வழி சொல்வார்கள்: பாட் மட்டும் மாற்றலாம், டிஸ்க்கை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மேலாகச் சீவிக் கடைந்து புதுப் பாட் போடலாம், ஜப்பானில் கழற்றிய பழைய டிஸ்க் வாங்கலாம், இரண்டையும் புதிதாகப் போடலாம்.

பாட் மட்டும் மாற்றுவதில் தவறேதும் இல்லை, டிஸ்க் தடிப்பாக இருந்தால். எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பது டிஸ்க்கிலேயே, ஓரத்திலோ நடுத் தொப்பியிலோ, மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். துருவைச் சுரண்டினால் தெரியும். சிக்கல் அளக்கிற விதத்தில் இருக்கிறது. பாட் தொடாத வெளி விளிம்பு தேயாமல் வரப்புப் போல எழும்பி நிற்கும். வேர்னியர் அளவுகோலைச் சும்மா வைத்தால் அதன் தாடை அந்த விளிம்பில் தங்கிக்கொண்டு, இல்லாத தடிப்பைக் காட்டும். "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு அண்ணை" என்ற தீர்ப்புகளில் பாதி இப்படித்தான் வருகிறது. மைக்றோமீற்றரால் உரசும் பரப்பின் நடுவில், சுற்றிவர நாலைந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். நகத்தால் தடவும்போது பள்ளம் தடுக்காமல், அளவும் தாராளமாக இருந்தால் பாட்டோடு நிறுத்தலாம்.

லேத்தில் கடைவது நம்மவர்களுக்குப் பிடித்த வழி. புது டிஸ்க்கின் விலையோடு பார்த்தால் கூலி சின்னது. ஆனால் இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க இருக்கிற காரையே ஓட்டினோம். இன்று கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஓடும் பழைய டொயோட்டா அக்சியோ, விற்ஸ் பலவற்றின் டிஸ்க் ஏற்கெனவே ஒருமுறை கடைபட்டது. மறுபடி கடைந்தால் அளவு எல்லைக்குக் கீழே போகும். மெல்லிய டிஸ்க் சூட்டைத் தாங்காது. கடைந்த பிறகும் அளவு மிஞ்சி நின்றால் மட்டும் இதற்குச் சம்மதியுங்கள். லேத் பட்டறை தூரமென்றால் கார் ஒரு நாள் ஜக்கில் நிற்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜப்பான் பழசு எனக்கு உடன்பாடில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். எஞ்சின், கியர்பொக்ஸ் என்றால் சரி. தேய்வதற்கென்றே செய்த சாமானை இன்னொருவர் தேய்த்த பிறகு எதற்கு வாங்குவது?

ஆகவே டிஸ்க் எல்லையை நெருங்கிவிட்டால் என் ஓட்டு நான்காவது வழிக்கு. அதிலும் கம்பனி ஒறிஜினல்தான் வேண்டும் என்று நிற்கத் தேவையில்லை. டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு. பெயருள்ள எந்த நிறுவனத்தின் புது டிஸ்க்கும் போதும். மிச்சம் பிடிக்கிற காசை நல்ல பாட் வாங்கப் போடுங்கள். ஏ9இல் ஓமந்தை தாண்டினால் 70இல் போகும் காருக்கு முன்னால் கட்டாக்காலி மாடு எந்த நேரமும் ஏறும். அங்கே மலிவுப் பாட் வேண்டாம்.

பாட் மூன்று வகை. ஓர்கானிக் சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தின்னாது, ஆனால் கெதியாகத் தேயும். செமி மெற்றாலிக் சூட்டைத் தாங்கும், டிஸ்க்கை அரிக்கும், சத்தமும் போடும். செறாமிக் தூசி குறைவு, விலை கூட. ஒட்டுசுட்டான், துணுக்காய் உட்பக்கக் கிரவல் பாதையில் ஓடுகிறவருக்கு எந்த வகை என்பதைவிட, பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகர உதவும், மணல் புகுந்த ஊசிகளைக் கழற்றித் துடைத்து சிலிக்கன் கிறீஸ் போடுவதுதான் முக்கியம். ஊசி இறுகினால் ஒரு பக்கப் பாட் மட்டும் கரையும். போலியைப் பிரிக்க ஒரு வழி: பாட்டின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதலாவது குளிர்ந்த நிலையிலும் இரண்டாவது சூடேறிய பிறகும் உள்ள பிடியை (உராய்வுக் குணகத்தை) சொல்லும். ஈ (E) என்றால் 0.25 முதல் 0.35, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45. சூட்டு எழுத்து ஈயாக இருந்தால் நான் வாங்கமாட்டேன். எழுத்தே இல்லாததைக் கையாலும் தொடமாட்டேன்.

மின்மோட்டரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார்களான அக்குவா, பிறியஸ்காரருக்குக் கணக்கு வேறு. மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் பாட் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் முல்லைத்தீவுக் கடற்காற்றில் டிஸ்க் துருவேறும், ஊசி இறுகும். அவர்களுக்குத் தேய்மானத்தைவிடத் துருதான் எதிரி.

எந்த வழியானாலும் இரண்டு முன் சில்லுக்கும் சோடியாக மாற்றுங்கள். டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு நின்றால் புது டிஸ்க்கும் ஆடி, பிறேக் மிதி காலில் துடிக்கும். பழைய தூசியைக் காற்றடித்துப் பறக்க விடுவார்கள். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வெளிக்கிட முன் மிதி இறுகும்வரை அழுத்திப் பாருங்கள். பிறகு புதுப் பாட் டிஸ்க்கோடு படிய, விடியப்புறம், வெறும் றோட்டில், 60இலிருந்து 10 வரை எட்டுப் பத்துத் தடவை இதமாக வேகம் குறையுங்கள். முழுதாக நிற்க வேண்டாம். சூடான பாட் டிஸ்க்கில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழும். ஏ9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க இறங்குகிறவர் அதற்கு முன்னமே கொஞ்சத் தூரம் பிறேக் தொடாமல் ஓடி ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.