ஏஹெச்எல் சீசன் சந்தா: கொங்கு நாட்டுக்குக் கட்டுபடி ஆகுமா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான ஏஹெச்எல்லின் ஆட்டங்களை இணையத்தில் பார்க்கும் சந்தா கட்டுபடி ஆகும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 32 அணிகள், அணிக்கு 72 ஆட்டம், எல்லாம் ஒரே சந்தாவில் என்று எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினால் கார்த்திகை தீபத்துக்குள் சலித்துப்போகும். ஒரே ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு, அக்டோபரில் தொடங்கி அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரை கூடவே போகிறவருக்குக் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும்.

அமெரிக்கன் ஹாக்கி லீக் (ஏஹெச்எல்) 1936-இல் தொடங்கியது. வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லுக்கு அடுத்த படி இது. இதற்கும் கீழே ஈசிஹெச்எல் இருக்கிறது. ஒவ்வொரு என்ஹெச்எல் அணிக்கும் இங்கே ஒரு துணை அணி உண்டு. ஆட்டத்துக்கு இறங்கும் 18 பேரில் (கோலிகள், அதாவது கோல்காப்பாளர்கள், தனி) 13 பேர் வளர்ந்து வருகிறவர்களாக இருக்க வேண்டும். அந்த 13-இல் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது என்பது விதி. நெல்லுக்கு நாற்றங்கால் மாதிரிதான். நன்றாக வேர் பிடித்ததைத்தான் முதலில் பிடுங்குவார்கள். செவ்வாய்க்கிழமை மேலே இருக்கும் என்ஹெச்எல் அணியில் ஒருத்தருக்கு முழங்காலில் அடிபட்டால், வெள்ளிக்கிழமை உங்கள் அணியின் முதல் வரிசை சென்டர் (நடு முன்கள ஆட்டக்காரர்) இருக்க மாட்டார். மூன்றாம் வரிசைக்காரர் அந்த இடத்துக்கு ஏறுவார். கடைசியில் காலியாகும் இடத்துக்கு ஈசிஹெச்எல்லிலிருந்து ஒருவர் 25 ஆட்டச் சோதனை ஒப்பந்தத்தில் வந்து சேருவார். சீசனின் கதையே இந்த ஏற்ற இறக்கம்தான். இன்றைக்கு ஓர் அணி, நாளைக்கு ஓர் அணி என்று மேய்கிறவர் கண்ணில் இது படவே படாது.

எந்த அணி என்று கேட்டால், நம்ம ஊர்க்காரருக்கு முதலில் நேரம் ஒத்துவர வேண்டும். கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும் 5.30 ஆகும், மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 4.30. மேற்குக் கரையில் அதே 7 மணி நமக்குக் காலை 7.30, குளிர்காலத்தில் 8.30. கூட்டம் வர வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான ஆட்டங்களை வெள்ளி, சனி, ஞாயிறில் வைக்கிறார்கள். நமக்கு அது சனி, ஞாயிறு, திங்கள் காலை. கடைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு மேற்குக் கரை அணியே தோது. மார்கழியில் எப்படியும் நாலரைக்கு எழுகிற வீடு என்றால் கிழக்கும் ஒத்துவரும்.

மேற்கில் நாங்கள் சொல்வது ஆபட்ஸ்ஃபோர்டு கனக்ஸ். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பஞ்சாபிகள் நிறைய வாழும் ஊர். மேல் அணி இருக்கும் வான்கூவர் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர், கோயமுத்தூரிலிருந்து உடுமலை போகிற தூரம்தான். காலையில் கூப்பிட்டால் அன்று இரவே அங்கே ஆடலாம் என்பதால் ஆள் ஏறுவதும் இறங்குவதும் இங்கே அடிக்கடி நடக்கும். 2024–25-இல் பயிற்சியாளராக முதல் வருஷம் வந்த மேனி மல்ஹோத்ராவின் தந்தை இந்தியர். முன்கள ஆட்டக்காரர் அர்ஷ்தீப் பெயின்ஸ் அதே மாநிலத்துச் சர்ரேயில் பிறந்த பஞ்சாபிப் பையன். என்ஹெச்எல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எந்த அணியும் எடுக்காதவர், லீக்கின் தேர்ந்த வீரர்கள் கூடும் 2024 ஆல்-ஸ்டாரில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார்.

2024–25 சீசன் முழுசும் பார்த்தவர்களுக்கு முடிவும் முழுசாகக் கிடைத்தது. இறுதிச் சுற்றில் சார்லட் செக்கர்ஸை 4–2 என்று வென்று, லீக்கின் கால்டர் கோப்பையை ஆபட்ஸ்ஃபோர்டு எடுத்தது. ஆறாவது ஆட்டம் ஜூன் 23, நம்ம கணக்கில் 24-ஆம் தேதி விடியற்காலை. பிளேஆஃபின் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) சிறந்த வீரர் லாத்வியக் கோலி ஆர்தர்ஸ் சிலோவ்ஸ். ஜூலை நடுவில் அவரை வான்கூவர் பிட்ஸ்பர்க்குக்கு மாற்றிவிட்டது. கோப்பை தூக்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இதைத் தாங்க முடியாது என்பவர்கள் இந்தச் சந்தாவை எடுக்க வேண்டாம். தாங்குகிறவர்களுக்கு அடுத்த அக்டோபரில் கோல் வலைக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பதே பெரிய எதிர்பார்ப்பாக இருக்கும்.

இனி படம். பக் என்கிற ரப்பர் வில்லை 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம், எடை 156 முதல் 170 கிராம். ரிங்க் என்கிற ஐஸ் களம் 200 அடி நீளம், 85 அடி அகலம். கேமரா ஒரு நேரத்தில் சுமார் 70 அடியைக் காட்டும். 43 அங்குல டிவியில் அப்போது பக் எள் அளவு, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். போனில் அரை மில்லிமீட்டர் கூட வராது. போனில் பார்த்துவிட்டு "ஒண்ணும் புரியலைங்க" என்று விட்டவர்கள் அனேகம் பேர்; கோளாறு ஆட்டத்தில் இல்லை. லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணையுங்கள். படத் தரத்தைத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், விநாடிக்கு 30 பிரேம் ஓடும் 1080-ஐ விட 60 பிரேம் ஓடும் 720 மேல். மணிக்கு 140 கிலோமீட்டரில் போகும் பக், 30 பிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 1.3 மீட்டர் தாண்டிவிடும். 60-இல் அதில் பாதி. கண் தொடர முடிவது அந்தப் பாதியில்தான்.

டேட்டா கணக்கு: 6 எம்பிபிஎஸ் ஓடினால் இரண்டரை மணி நேர ஆட்டத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி. தினம் 2 ஜிபி மொபைல் பிளான் சுமார் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டு ஃபைபர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை 9 மணிக்கு ஆரம்பித்தால், 8.30 ஆட்டம் முதல் பீரியடிலேயே (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) அறுந்துபோகும். ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் லேப்டாப்பில் தொடரலாம்.

ஒளிபரப்பை என்ஹெச்எல்லோடு ஒப்பிடாதீர்கள். கேமராக்கள் குறைவு, மறு ஒளிபரப்புக் கோணங்களும் குறைவு. சில ரிங்குகளில் கேமரா இருக்கும் பக்கத்துப் பலகை ஓரம் மறைந்துவிடும். பக் அங்கே போனால் ஆட்டக்காரர்களின் தோளைப் பார்த்துத்தான் யூகிக்க வேண்டும். வர்ணனையாளர் பெரும்பாலும் உள்ளூர் அணியின் ஆள். சார்பு இருக்கும். ஆனால் யார் மேலே போனார், யார் காயத்திலிருந்து திரும்பினார் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தத் தகவலுக்காகவே சத்தத்தை அணைக்காமல் பாருங்கள்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டாம் பீரியடில் ஒரு சங்கதி காத்திருக்கிறது. மில்லில் ஷிஃப்ட் எட்டு மணி நேரம், இங்கே 40–50 விநாடி. ஆட்டம் நடக்கும்போதே ஆள் மாறுவார்கள். இரண்டாம் பீரியடில் பக்கம் மாறுவதால், தடுப்புக்காரர்களுக்குத் தங்கள் பெஞ்ச் தூரமாகிவிடும். எதிரணி நெருக்கிக்கொண்டே இருந்தால் பெஞ்சுக்குப் போக வழியின்றி ஒன்றரை நிமிஷம் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். கால் தளர்ந்து, மட்டையை ஊன்றிக் குனிந்து நிற்பது தெரியும். கோல் அப்போதுதான் விழும். இளம் வீரர்கள் நிறைந்த இந்த லீக்கில், பக்கைப் பாதி வழி கூடத் தள்ளாமல் ஆள் மாறப் போகிற தவறு அடிக்கடி நடக்கும். அதே பையன் மார்ச்சில் அதைச் செய்யாமல் இருப்பதைப் பார்க்கும்போதுதான் அவர் வளர்ந்திருப்பது தெரியும்.

கழுத்தையும் கவனியுங்கள். 2024–25 முதல் வெட்டுத் தாங்கும் கழுத்துக் கவசம் இந்த லீக்கில் கட்டாயம். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஸ்கேட் பட்டு ஆடம் ஜான்சன் இறந்த பிறகு வந்த மாற்றம். நூலும் துணியுமாகப் பிழைக்கும் நம்ம ஊருக்கு அந்தப் பட்டையின் அருமை சொல்லாமலே புரியும்.

உங்கள் அணிக்கு வெளியே பார்க்க ஒன்றே ஒன்று: ஹெர்ஷி பேர்ஸ் அணியின் கரடி பொம்மை எறியும் ஆட்டம். முதல் கோல் விழுந்ததும் கூட்டம் பொம்மைகளை ஐஸில் வீசும்; அவ்வளவும் தானத்துக்குப் போகும். 2025 ஜனவரியில் 1,02,343 பொம்மைகள் விழுந்தன.

ரீப்ளேயில் பார்க்கிறவர்கள் கீழே ஓடும் நேரக் கோட்டை மறைத்துக்கொள்ளுங்கள். கோடு வழக்கத்தைவிட நீண்டிருந்தால் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது முன்னமே தெரிந்துவிடும். ஆட்டத்துக்கு முன் லீக் இணையதளத்தில் வீரர் மாற்றப் பட்டியலை ஒரு பார்வை பாருங்கள். பழைய சீசன்களின் பட்டியலில், என்ஹெச்எல் வர்த்தகக் கெடு நாளில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) ஒருவர் கீழே போய் அன்றே மேலே திரும்பியதாக இருந்தால் குழம்ப வேண்டாம். அந்த நாளில் ஏஹெச்எல் பட்டியலில் பெயர் இருந்தால்தான் இங்கே பிளேஆஃப் ஆட முடிந்தது. அதற்கான காகித வேலை அது.

பணம் கட்டும்போது: வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை முதலில் திறந்துவிடுங்கள், பொதுவாக மூடியே இருக்கும். டாலர் விலைக்கு மேல் 2 முதல் 3.5 சதவீதம் வரை வங்கிக் கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். மாதச் சந்தாவில் தானியங்கிப் புதுப்பிப்பு நம்ம கார்டுகளில் பல நேரம் நின்றுபோகும். நடு சீசனில் ஒரு சனிக்கிழமை காலை கருப்புத் திரையைப் பார்க்க நேரும். வருஷச் சந்தாவாக அக்டோபர் தொடக்கத்தில் எடுங்கள். பிளேஆஃபும் அதில் அடக்கமா என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். ஜூனில் கடைசி ஆட்டம் முடிந்ததும் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, அதற்கான மெயில் வந்ததா என்று பாருங்கள்.