கண்டெய்னரில் வீடு மாற்றலாமா? நியூ ஜெர்சி – டாலஸ் பாதைக்கு ஒரு மதிப்பீடு

நியூ ஜெர்சியில் பள்ளிகள் ஜூன் மூன்றாவது வாரம்வரை இழுக்கும். டாலஸ் பக்கம் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்திலேயே வகுப்பு தொடங்கிவிடும். நடுவில் கிடைப்பது ஏழு வாரம், மிஞ்சினால் எட்டு. அதற்குள் இங்கே லீஸ் (வீட்டு வாடகை ஒப்பந்தம்) முடிய வேண்டும், அங்கே லீஸ் தொடங்க வேண்டும், எச்1பி வேலை விசாவுக்குத் திருத்த மனு போக வேண்டும், பிள்ளைகளின் தடுப்பூசிக் கணக்கு நேராக வேண்டும். இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் தள்ளிப்போகும். எது என்பதுதான் முன்கூட்டித் தெரியாது. கண்டெய்னர் சேவையை இந்தக் கணக்கில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். அது விற்பது ஆள்பலம் அல்ல, நாள்.

நடைமுறை எளிது. காலிப் பெட்டியை வீட்டு வாசலில் இறக்குவார்கள். சாமான்களை நாமே ஏற்றி, நம் பூட்டைப் போட்டு, சாவியை நாமே வைத்துக்கொள்கிறோம். வந்து தூக்கிப் போவார்கள். போய்ச் சேரும் ஊரில் வீடு தயாராக இல்லையென்றால் அவர்கள் கிடங்கில் மாத வாடகைக்கு நிற்கும். சுமார் 1,550 மைல் தூரத்துக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் என்று வைத்துத் திட்டமிடுவது நல்லது.

இந்தப் பாதையில் பெரும்பாலும் கேள்விப்படுகிற பெயர்கள் மூன்று. 1998இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய பாட்ஸ், யூ-ஹால் நிறுவனத்தின் யூ-பாக்ஸ், யூ-பேக்கின் ரீலோக்யூப். மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டிகள் அல்ல, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பாட்ஸின் 16 அடிப் பெட்டி இரண்டு, மூன்று படுக்கையறை வீட்டுக்குப் போதும். ஆனால் அதன் எடை வரம்பு 4,200 பவுண்டுதான். 8 அடிப் பெட்டிக்கோ 5,200 பவுண்டு. பெட்டி பெரிதானால் தாங்கும் எடை குறைகிறது! பெட்டியின் சொந்த எடையையும் சேர்த்தே அவர்களுடைய லிஃப்ட் தூக்க வேண்டும் என்பதால் இப்படி. புத்தகம் நிறைந்த சின்ன அட்டைப்பெட்டி ஒன்று 40 பவுண்டு வரும். நாற்பது பெட்டி சேர்ந்தால் 1,600 பவுண்டு; வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போச்சு. பித்தளைக் குத்துவிளக்கு, கிரைண்டர், இரும்புத் தோசைக்கல், மரக்கட்டில் என்று கனமான சாமான் அதிகமுள்ள வீட்டுக்கு 16 அடிப் பெட்டி ஒன்றைவிட 8 அடிப் பெட்டி இரண்டு பாதுகாப்பு. வாடகை கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் எடை மிஞ்சியதால் ஏற்றும் நாளன்று வாசலிலேயே சாமானை இறக்க வைத்தால் அன்றைய தினமே கெட்டுவிடும்.

யூ-பாக்ஸ் 257 கன அடி, 2,000 பவுண்டு. தோராயமாக ஒன்றரை அறைச் சாமான். உள்நீளம் எட்டடிக்குச் சற்றுக் குறைவு என்பதால் பிரிக்க முடியாத நீள சோபா நுழையாது. குயின் மெத்தையை நிமிர்த்தி வைத்தால் போகும். இதன் பெரிய லாபம், அப்பார்ட்மெண்ட் நிர்வாகம் வாசலில் பெட்டி வைக்க அனுமதிக்காவிட்டால் யூ-ஹால் நிலையத்துக்கே போய் ஏற்றிக்கொள்ளலாம். ரீலோக்யூப் 6 அடிக்கு 7 அடி, 8 அடி உயரம், எடை வரம்பு 2,500 பவுண்டு, உலோகப் பெட்டி, கார் நிறுத்தும் ஓரிடத்தில் அடங்கிவிடும். ஏற்ற மூன்று வேலை நாள் தருகிறார்கள். சின்னக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வீடுகளுக்கு அந்த மூன்று நாள் பெரிய வசதி.

எடிசன், ஜெர்சி சிட்டி போன்ற இடங்களில் முதல் தொலைபேசி கண்டெய்னர் நிறுவனத்துக்கு அல்ல, அப்பார்ட்மெண்ட் லீசிங் அலுவலகத்துக்கு. பெட்டி எத்தனை மணி நேரம் நிற்கலாம், காப்பீட்டுச் சான்று கேட்பார்களா என்று எழுத்தில் வாங்க வேண்டும். தெருவில் வைப்பதென்றால் நகராட்சி அனுமதி தனி. பாட்ஸ் லாரி பெட்டியை இறக்க ஏறக்குறைய 12 அடி அகலமும் 15 அடி உயரமும் தடையில்லாமல் வேண்டும். மரக்கிளையும் கேபிள் ஒயரும் கெடுக்கிற வேலை இதுதான்.

மற்ற இரண்டு வழிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். யூ-ஹால் 26 அடி டிரக்கின் வாடகை பார்வைக்கு மலிவு. ஆனால் அது கேலனுக்கு 10 மைல்தான் கொடுக்கும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 1,550 மைலுக்கு 155 கேலன் பெட்ரோல், இரண்டு இரவு ஓட்டல், பிள்ளைகள் வரும் கார் பின்னால் தனி. 26 அடி வண்டியை ஓட்டிப் பழகாதவர் பென்சில்வேனியா மலைப்பாதையில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

முழுச் சேவை மூவர்ஸ் என்றால் உடம்பு நோகாது. மனசுக்கு உத்தரவாதம் இல்லை. சாமான் இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிக்குள் வரும் என்று ஓர் இடைவெளி தருவார்கள். அது இரண்டு, மூன்று வாரம்கூட நீளும். வெறும் தரையில் குழந்தைகளோடு காத்திருக்க வேண்டியதுதான். இணையத்தில் முதலில் கிடைக்கும் குறைந்த விலை பெரும்பாலும் புரோக்கருடையது. லாரி அவரிடம் கிடையாது. யூஎஸ்டாட் எண்ணை (போக்குவரத்துத் துறைப் பதிவு எண்) வாங்கி எஃப்எம்சிஎஸ்ஏ என்ற கூட்டாட்சி லாரிக் கண்காணிப்பு அமைப்பின் தளத்தில் போட்டுப் பார்த்தால் அவர் கேரியரா (லாரி வைத்திருப்பவரா) புரோக்கரா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் முழுச் சேவையில் சட்டத் துணை உண்டு. கட்டுப்படுத்தாத மதிப்பீடு (இறுதித் தொகை மாறக்கூடிய மதிப்பீடு) என்றால் இறக்கும் நாளில் அந்தத் தொகையில் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டுச் சாமானைப் பிடித்துவைக்க முடியாது. இழப்பீடு குறைந்தபட்சம் பவுண்டுக்கு 60 சென்ட் (20 பவுண்டு எடையுள்ள டிவி உடைந்தால் 12 டாலர், சிரிப்புதான் வரும்). முழு மதிப்புப் பாதுகாப்பைத் தேர்ந்தால் நிலைமை மேல். கோரிக்கை வைக்க 9 மாதம் அவகாசம். கண்டெய்னரில் இந்தப் பாதுகாப்பு எதுவும் தானாக வராது. சாமானை முழுக்க வாடிக்கையாளரே ஏற்றி இறக்கும் பெட்டிச் சேவையை வீட்டுச்சாமான் கேரியர் என்ற வரையறையிலிருந்தே கூட்டாட்சிச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எல்லாம். அவர்கள் விற்கும் பாதுகாப்புத் திட்டத்தை வாங்கும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சாமான் உள்ளே சரிந்து உடைந்தால் கிடைக்குமா? நாம் கட்டிய பெட்டிக்கு அவர்கள் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

ஆகவே ஏற்றும் விதம்தான் இங்கே காப்பீடு. கனமானது தரையில், இடமும் வலமும் எடை சமமாக. உள்சுவரிலிருந்து தொடங்கி கூரைவரை அடுக்கி, நான்கடிக்கு ஒரு முறை ராட்செட் ஸ்ட்ராப் (இறுக்கிப் பூட்டும் பட்டை) போட்டு இறுக்கி, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. இடைவெளி விட்டால் லாரி பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி வளரும். கதவோரம் கடைசியாக வைப்பவைதான் முதலில் வெளியே வரும்: பிள்ளைகளின் கட்டில் பாகங்கள், போர்வை, ஒரு சமையல் பெட்டி, ரைஸ் குக்கர். கட்டில் திருகுகளை ஜிப் பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டிவிட வேண்டும். தூள்மரப் பலகை அலமாரிகளைப் பிரித்தால் மறுபடி திருகு பிடிக்காது. அவற்றைக் கொண்டுபோவதைவிட விற்றுவிடுவது லாபம்.

வெட் கிரைண்டரில் உருளைக் கற்களைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். உள்ளேயே விட்டால் ஆயிரத்தைந்நூறு மைலும் குலுங்கி, போய்ச் சேரும்போது பாத்திரம் நசுங்கியிருக்கும். ஜூலையில் டெக்சாஸ் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட். மூடிய பெட்டிக்குள் இன்னும் கூடுதல். நெய், தேங்காய் எண்ணெய், ஊறுகாய், மெழுகுவத்தி, மருந்து, பழைய போட்டோ ஆல்பம் எதுவும் அதில் வேண்டாம். பார்பிக்யூ புரொப்பேன் சிலிண்டர் தடை. கறிவேப்பிலைச் செடி எலுமிச்சைக் குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் உண்டு. கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் இருட்டிலும் சூட்டிலும் பிழைக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்ல பரிசு.

நியூ ஜெர்சிக்கென்றே ஒரு வேலை உண்டு, பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த மாநிலம் ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சிக்கான கூட்டாட்சிக் கட்டுப்பாட்டுப் பகுதி. பிள்ளைகளின் சைக்கிள், ஊஞ்சல், தோட்ட நாற்காலி, கிரில் என்று வெளியே கிடந்த சாமான்களில் முட்டைக் கொத்து இல்லை என்று சோதித்து, அந்தச் சோதனைப் பட்டியலை நிரப்பிக் கையில் வைத்திருக்க வேண்டும். லேண்டர்ன்ஃப்ளை என்ற பூச்சிக்கும் அதே பார்வை போதும். கால் மணி நேர வேலை.

ஆள்பலம் தனியாக வாங்க வேண்டும். யூ-ஹாலின் மூவிங் ஹெல்ப் தளத்தில் மணிக்கணக்கில் இரண்டு ஆள் எடுக்கலாம். வேலை முடிந்தபின் பணம் போவதற்கான குறியீட்டை நாம் கொடுத்தால்தான் அவர்களுக்குக் காசு. முடியும்முன் அந்தக் குறியீட்டைக் கொடுக்கக் கூடாது. அலுவலகம் மொத்தத் தொகையாக இடமாற்றப் பணம் தந்தால் அது வரிக்கு உட்பட்ட வருமானம். வரியையும் அவர்களே ஏற்கிறார்களா என்று கேட்டுவிட்டு பட்ஜெட் போடுங்கள்.

கண்டெய்னரின் காத்திருக்கும் குணம் உண்மையில் பலிக்கும் இடம் விசா. வேலையிடம் இப்போதைய பெருநகரப் பகுதியை விட்டு மாறினால், புதிய எல்சிஏவோடு (தொழிலாளர் துறையிடம் போகும் வேலை நிபந்தனை விண்ணப்பம்) எச்1பி திருத்த மனு போயாக வேண்டும். 2015 ஏப்ரலில் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தந்த சிமியோ தீர்ப்பு இதை உறுதியாக்கியது. ஒப்புதல்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனு தாக்கலானதும் புதிய இடத்தில் வேலை தொடங்கலாம். ஆனால் தாக்கலுக்கு முன் தொடங்கக் கூடாது. வக்கீல் இரண்டு வாரம் இழுத்தால் பெட்டி கிடங்கில் நிற்கட்டும், குடும்பம் நண்பர் வீட்டில் இருக்கட்டும். கிரீன் கார்டுக்கு பெர்ம் (தொழிலாளர் துறையின் சான்றிதழ்) ஓடிக்கொண்டிருந்தால் அது இடத்தோடு கட்டுண்டது. கண்டெய்னருக்கு முன்பணம் கட்டும் முன்பே அதைப் பேச வேண்டும். குடியேறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம், குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. குடியேற்றத் துறையின் கடிதங்கள் பல நேரம் புதிய முகவரிக்குத் திருப்பப்படாமல் அனுப்பிய இடத்துக்கே போய்விடும்.

பள்ளியில் இரண்டு பொறி. முதலாவது தடுப்பூசி. டெக்சாஸ் பள்ளிகள் ஹெப்படைட்டிஸ் ஏ இரண்டு டோஸ் கேட்கின்றன. நியூ ஜெர்சி கேட்பதில்லை. இரண்டு டோஸுக்கும் நடுவே ஆறு மாதம் வேண்டும் என்பதால், கிளம்பும்முன் முதல் டோஸையாவது இங்கேயே போட்டுவிட்டால் தற்காலிகச் சேர்க்கைக்கு வழி உண்டு. இரண்டாவது பொறி வயது. டெக்சாஸில் கிண்டர்கார்டனுக்குச் செப்டம்பர் 1க்குள் 5 முடிந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் பல மாவட்டங்களில் அக்டோபர் 1. செப்டம்பரில் பிறந்த பிள்ளை இங்கே அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டன் முடித்திருந்தால் அங்கே முதல் வகுப்பில் சேரலாம். தனியார் பள்ளியில் படித்திருந்தால் அந்த வழி கிடைக்காது.

டாலஸுக்கு வடக்கே உள்ள ஃப்ரிஸ்கோ என்று முகவரி இருப்பதால் ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஊரின் பகுதிகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் மாவட்டங்களிலும் விழுகின்றன. லீஸில் கையெழுத்துக்கு முன் தெரு எண்ணை மாவட்டத் தளத்தில் போட்டுப் பாருங்கள். சேர்க்கைக்கு மின் கட்டண ரசீதை இருப்பிடச் சான்றாகக் கேட்பார்கள். டெக்சாஸின் பெரும்பாலான பகுதிகளில் மின் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் (ஃப்ரிஸ்கோவின் சில பகுதிகளில் கோசர்வ் மின் கூட்டுறவு மட்டுமே). வண்டிப் பதிவுக்கு 30 நாள், ஓட்டுநர் உரிமத்துக்கு 90 நாள்.

கையில் வரவேண்டியவை: பாஸ்போர்ட், ஐ-797கள் (விசா மனு அறிவிப்புகள்), பிறப்பு, திருமணச் சான்றுகள், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றச் சான்று, நகை. இவை எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது.

கண்டெய்னர் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தேதி உறுதியாகத் தெரிந்த, முதுகுவலி உள்ள குடும்பத்துக்கு முழுச் சேவையே மேல். தேதி ஆடிக்கொண்டிருக்கும் விசாக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. யூ-பாக்ஸ் சின்ன அப்பார்ட்மெண்ட்டுக்கு, ரீலோக்யூப் மெதுவாக ஏற்றுபவருக்கு, பாட்ஸ் தனி வீட்டுக்கு.

இறக்கியதும் பெட்டியைப் பெருக்கிவிட்டு அன்றே எடுத்துப்போகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாட்ஸ், யூ-பாக்ஸ் வாடகை மாதக் கணக்கு. வாசலில் சும்மா நிற்கும் காலிப் பெட்டி மாதத் தேதியைத் தாண்டினால் அடுத்த மாதமும் சேர்ந்து பில் வரும்.