ஓப்பன் கிச்சனா, மூடின அடுப்படியா, நடுவுல ஒரு பெரிய ஜன்னலா?

எங்க வீடு மதுரையில 1994ல கட்டினது. அடுப்படி பத்துக்கு எட்டு அடி, கடப்பக்கல் அலமாரி, மேல பரண், ஒரே ஒரு சின்ன ஜன்னல். பொங்கல் தீபாவளின்னா பதினஞ்சு இருபது பேரு வந்துடுவாங்க, எல்லாரும் ஹால்ல உக்காந்து பேசி சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க, நானும் அத்தையும் மட்டும் உள்ள வடை சுட்டுக்கிட்டு நிப்போம், எதுக்கு சிரிக்கிறாங்கன்னு கூட எங்களுக்குத் தெரியாது. அதான் இந்த வருஷம் அடுப்படிய மாத்திடலாம்னு உக்காந்து ரெண்டு மாசம் அலசினோம்.

முதல்ல எல்லாரும் சொன்னது ஓப்பன் கிச்சன், அதாவது ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல சுவரே இல்லாம. என் தங்கச்சியோட கோயம்புத்தூர் பிளாட்ல அதான், பாக்க அவ்ளோ அழகா இருக்கும், காபி போட்டுக்கிட்டே வந்தவங்ககிட்ட பேசலாம். ஆனா அங்க ஒரு வாரம் தங்கி சமைச்சப்ப தான் எனக்கு விஷயம் புரிஞ்சுச்சு. காஞ்ச மிளகாய் வறுத்தா கமறல் நேரா ஹாலுக்குப் போகுது, சின்னப் பையன் இருமி இருமி கண்ணுல தண்ணி. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வெச்சோம், சோபா குஷன்ல மூணு நாள் வாசம் போகல. இத்தனைக்கும் மணிக்கு 1200 கன மீட்டர் இழுக்கிற சிம்னி. சிம்னி அடுப்புக்கு மேல 26லேருந்து 30 இன்ச் உயரத்துக்குள்ள இருக்கணும், வெளிய போற பைப் குட்டையா நேரா இருக்கணும், ஒவ்வொரு வளைவுக்கும் இழுவை கொறையும், அவ வீட்டுல மூணு வளைவு போயி தான் ஷாஃப்ட்ட தொடுது. இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, ஹால் ஃபேன் ஓடினா அடுப்பு தீ ஆடுது, ஃபேன நிறுத்தினா வந்தவங்களுக்கு வேர்க்குது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல இது சின்ன பிரச்சனை இல்ல.

அதுவுமில்லாம எங்க வீடு பழைய செங்கல் கட்டடம், தூண் கிடையாது, அந்த சுவர் மேல தான் மாடி பாரமே நிக்குது. முழு சுவரையும் எடுக்கணும்னா கான்கிரீட் பீம் போட்டாகணும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. உங்க வீடும் பழசுன்னா கொத்தனார் பேச்ச மட்டும் கேட்டு சம்மட்டிய எடுக்க விட்றாதீங்க, தயவு செஞ்சு ஒரு இன்ஜினியர கூப்பிட்டு காட்டுங்க.

சரி, இருக்கிற மாதிரியே மூடின அடுப்படியா வெச்சுக்கலாமா? புகை, வாசம், மிக்ஸி சத்தம் எதுவும் வெளிய வராது, பாத்திரம் குமிஞ்சு கெடந்தாலும் கதவ சாத்திக்கலாம், வெளிச்சுவர்ல 12 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு போட்டாலே பாதி சூடு போயிடும், செலவும் கம்மி. நான் கிட்டத்தட்ட இதுக்கு ஒத்துக்கிட்டேன். அத்தை தான், "எனக்கு கதவ சாத்திட்டு வேலை பாக்க வேணாம்மா, பேரன் பேத்தி மொகத்த பாத்துக்கிட்டே தோசை ஊத்தணும்"னு சொன்னாங்க. முப்பது வருஷமா அந்த சுவத்த பாத்துக்கிட்டு நின்னவங்க அவங்க. அதுக்கு மேல எனக்கு பேச மனசு வரல.

அப்படித்தான் மூணாவது வழிக்கு வந்தோம். சுவர்ல அஞ்சடி அகலத்துக்கு மட்டும் திறப்பு, மேல பாரம் தாங்குற லின்டல், கீழ 42 இன்ச் உயரத்துல ஹால் பக்கமா ஒரு அடி நீட்டி கல்லு, ரெண்டு ஸ்லைடிங் கண்ணாடி. வறுக்கிறப்ப, தாளிக்கிறப்ப சாத்திக்கிறோம், தோசை ஊத்துறப்ப திறந்துடறோம். விருந்து அன்னைக்கு அந்தக் கல்லு மேலயே சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் வரிசையா வெச்சா அவங்கவங்க போட்டுக்கிறாங்க, தட்டத் தூக்கிட்டு உள்ளயும் வெளியவும் ஓட வேண்டியதில்ல. தினமும் தாளிக்கிற குடும்பத்துக்கு இத விட நல்ல ஏற்பாடு கிடையாதுன்னு நான் உறுதியா சொல்லுவேன். பிரெட், சாலட்னு லேசா சமைக்கிற வீடுன்னா மட்டும் ஓப்பன் சரி.

மேடைக் கல்லுக்கு கடையில மூணு துண்டு சாம்பிள் வாங்கிட்டு வந்து, மஞ்சத்தூள நல்லெண்ணெய்ல கொழச்சு ராத்திரி முழுக்க தடவி வெச்சேன். காஷ்மீர் ஒயிட் கிரானைட் (பேருதான் காஷ்மீர், நம்ம மேலூர் பக்கத்துக் கல்லு) எண்ணெய உள்ள குடிச்சிடுச்சு, கழுவியும் திட்டு போகல. குவார்ட்ஸ்ல லேசா மஞ்சள் நின்னுச்சு, வெயில்ல வெச்சதும் வெளுத்துடுச்சு. ஆந்திரா சீமகுர்த்தியிலேருந்து வர்ற பிளாக் கேலக்ஸிங்கிற கறுப்பு கிரானைட்டுக்கு ஒண்ணுமே ஆகல. குவார்ட்ஸ்ல கல்லுத்தூளோட ரெசின்ங்கிற பிளாஸ்டிக் மாதிரி பிசின் கலந்திருக்கு, அடுப்புலேருந்து இறக்கின எண்ணெச் சட்டிய அப்படியே வெச்சா கருகின தழும்பு விழும், நம்ம வீட்டுல அவசரத்துல யாரு பிரிமனையத் தேடுவா? அதனால கறுப்பு கிரானைட் தான்.

அலமாரி மரத்துக்கு எம்.டி.எஃப். (மரநார அழுத்தி செஞ்ச பலகை) வேணவே வேணாம், தண்ணி பட்டா ஊதிடும். சிங்குக்கு கீழயாவது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிற, தண்ணி தாங்குற மரைன் பிளைவுட் போடுங்க. சிங்க்கும் ரெண்டு தொட்டி வேணாம், பெரிய ஒத்தத் தொட்டி வாங்குங்க, இட்லிக் குண்டானும் பெரிய குக்கரும் அதுல தான் படுக்கும்.

மேடை உயரம் கடைசியா ஒரு சண்டை. கார்பெண்டர் 34 இன்ச்னு நின்னாரு, அத்தை அஞ்சடி கூட இல்ல. பலகைய செங்கல் மேல அடுக்கி, அவங்கள நிக்க வெச்சு கரண்டியக் கையில குடுத்து கிண்ட சொன்னோம், 34ல தோள் தூக்குது, 32ல முழங்கை சும்மா மடிஞ்சு நின்னுச்சு. 32க்கே போட்டோம். கிரைண்டருக்கு மட்டும் ஓரத்துல 24 இன்ச்ல தனியா ஒரு திண்டு, இப்ப மாவ அவங்களே நின்னபடி வழிச்சு எடுத்துடறாங்க.